ஒளிக்குழியில் வலுப்பிணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிக்குழி ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்களும், பக்கத்துத் துறைகளிலிருந்து எட்டிப் பார்க்கும் வேதியியலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சு வழக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. அதனால் முதல் முறை வாசிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒளிக்குழின்னா என்ன? எதிரெதிரா ரெண்டு கண்ணாடி வச்சா போதுமா?

அடிப்படையில் போதும். நன்றாக எதிரொளிக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒளி முன்னும் பின்னும் ஓடும்போது, ஒரு முழுச் சுற்றில் கட்டம் ஒத்துப்போகும் அலைநீளங்கள் மட்டுமே நிலைத்து நிற்கும். செங்குத்தாக விழும் ஒளிக்கு நிபந்தனை இதுதான்: இடைவெளியை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் அரை அலைநீளத்தின் முழு எண் மடங்கு வரவேண்டும். அப்படி நிலைக்கும் ஒவ்வொரு அமைப்பையும் ஒரு மோடு என்கிறோம்.

ஒரு குழியை மதிப்பிட இரண்டு எண்கள் வேண்டும். ஃபோட்டான் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பது ஒன்று (தரக்காரணி). எவ்வளவு சிறிய இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பது மற்றொன்று (மோடு கனஅளவு). இரண்டும் ஒரே குழியில் சிறப்பாக அமைவது அரிது. உலோகக் கண்ணாடிக் குழியில் கண்ணுறு ஒளி சில ஃபெம்டோ நொடிகளே தங்கும். அடுக்கு மின்காப்புக் கண்ணாடியில் பிக்கோ நொடி வரை போகும். செர்ஜ் அரோஷ் குழுவின் மீக்கடத்து நயோபியம் கண்ணாடிகளுக்கு நடுவே 51 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை ஃபோட்டான் 0.13 நொடி உயிரோடு இருந்தது. 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளிக்குள் அந்த நேரத்தில் அது ஓடிய மொத்தத் தூரம் சுமார் 40,000 கி.மீ. அரோஷுக்கும் டேவிட் வைன்லேண்டுக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வலுப்பிணைப்புன்னா பொருள் நிறைய ஒளிய உறிஞ்சுதுன்னு அர்த்தமா?

இல்லை, இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண உட்கவர்தலில் ஆற்றல் ஒரு திசையில்தான் போகிறது: ஃபோட்டான் அழிகிறது, மூலக்கூறு கிளர்வடைகிறது, பிறகு ஆற்றல் வெப்பமாகவோ வேறு ஒளியாகவோ சிதறுகிறது. வலுப்பிணைப்பில் அதே ஆற்றல் ஃபோட்டானாகவும் கிளர்வாகவும் மாறி மாறி உருவெடுக்கிறது. இழப்பு நேர்வதற்கு முன்னால் இந்தக் கைமாற்றம் ஒரு முறையாவது முடிய வேண்டும் என்பதே நிபந்தனையின் சாரம்.

சுருள்வில்லால் இணைத்த இரண்டு ஊசல்களை நினைத்துக்கொள்ளலாம். ஒன்றை ஆட்டிவிட்டால் சிறிது நேரத்தில் அது நின்று மற்றது ஆடும், பிறகு ஆட்டம் திரும்பி வரும். இணைந்த அமைப்புக்குத் தனித்தனி ஊசலின் அதிர்வெண் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு புதிய அதிர்வெண்கள் உண்டு. அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ராபி பிளவு. ஒத்ததிர்வில், அதாவது இரண்டின் அதிர்வெண்ணும் சமமாக இருக்கும்போது, அது பிணைப்பு வலிமையின் இரு மடங்கு.

இழப்பு மேலோங்கினால் அது வலுவற்ற பிணைப்பு. அங்கேயும் குழி வேலை செய்யும், ஆனால் உமிழ்வின் வேகத்தை மட்டுமே மாற்றும். எட்வர்ட் பர்செல் 1946-இல் சொன்ன விளைவு அது. ஆற்றல் நிலைகள் பிளவுபடாது.

எவ்வளவு இருந்தா 'வலு'ன்னு சொல்லலாம்? ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு நிபந்தனை இருக்கே?

மூன்று நிபந்தனைகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாவற்றிலும் குழியின் கோட்டகலத்தையும் (நிறமாலைக் கோட்டின் அகலம், இழப்பு கூடினால் இதுவும் கூடும்) பொருளின் கோட்டகலத்தையும் முழு அகலமாக, அதாவது அரை உயரத்தில் அளந்த முழு அகலமாக, எடுத்துக்கொள்வோம். முதலாவது: ஐகன் மதிப்புகள் (இணைந்த அமைப்பின் ஆற்றல் அளவுகள்) பிரிய, ராபி பிளவு இரண்டு அகலங்களின் வேறுபாட்டில் பாதியைத் தாண்ட வேண்டும். இரண்டாவது: நிறமாலையில் இரு முகடுகள் கண்ணுக்குத் தெரிய, பிளவு இரண்டு அகலங்களின் சராசரியைத் தாண்ட வேண்டும். மூன்றாவது: பிளவின் வர்க்கம் அகல வர்க்கங்களின் சராசரியைத் தாண்ட வேண்டும்.

முதல் நிபந்தனை மிகத் தளர்வானது. இரண்டு அகலங்களும் சமமாக இருந்தால் எவ்வளவு சிறிய பிணைப்பும் அதில் தேறிவிடும், அதை மட்டும் நம்பி வலுப்பிணைப்பு என்று எழுதுவது சரியல்ல. நடைமுறைக்கு இரண்டாவதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பல கட்டுரைகளின் எண்கள் முரண்படுவதுபோலத் தோன்ற இன்னொரு காரணமும் உண்டு: சிலர் அரை அகலம் போடுகிறார்கள், சிலர் முழு அகலம். சிலர் பிணைப்பு வலிமையைச் சொல்கிறார்கள், சிலர் அதன் இரு மடங்கை. ஒப்பிடும் முன் இதைச் சரிபார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

லேசரே அடிக்காம, இருட்டுல கூட பிணைப்பு இருக்கும்னு சொல்றாங்க. அது எப்படி?

குழி மோடு என்பது ஒரு குவாண்டம் அலையியற்றி. ஃபோட்டான் ஒன்றுகூட இல்லாதபோதும் அதன் மின்புலத்தின் சராசரி வர்க்கம் பூஜ்ஜியம் ஆகாது. அந்த வெற்றிடப் புலத்தின் அளவு: ஃபோட்டான் ஆற்றலை, வெற்றிடத்தின் விடுதிறனையும் மோடு கனஅளவையும் பெருக்கியதன் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இந்தப் புலத்தை மூலக்கூறின் நிலைமாற்ற இருமுனைத் திருப்புத்திறனால் பெருக்கினால் ஒற்றை மூலக்கூறின் பிணைப்பு வலிமை கிடைக்கும்.

ஒருமுறை எண்களைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அலைநீளம் 500 நானோமீட்டர், மோடு கனஅளவு 1 கன மைக்ரோமீட்டர் என்றால் வெற்றிடப் புலம் மீட்டருக்குச் சுமார் 1.5 லட்சம் வோல்ட். திருப்புத்திறன் 10 டிபை இருந்தால் பிணைப்பு வலிமை சுமார் 0.03 மில்லி எலக்ட்ரான் வோல்ட், ராபி பிளவு 0.06. அறை வெப்பநிலையில் ஒரு சாயமூலக்கூறின் கோட்டகலம் பல பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதாவது ஆயிரம் மடங்கு பற்றாக்குறை. அதை எப்படி நிரப்புகிறார்கள் என்பது கீழே எண்ணிக்கை பற்றிய கேள்வியில் வருகிறது.

போலாரிட்டான் ஒளியா, பொருளா?

இரண்டின் கலவை. வலுப்பிணைப்பில் பிளவுபட்டு வரும் இரண்டு புதிய நிலைகளே போலாரிட்டான்கள்: ஆற்றல் கூடியது மேல் போலாரிட்டான், குறைந்தது கீழ் போலாரிட்டான். கலவையின் விகிதம் உங்கள் கையில் இருக்கிறது. குழியின் ஆற்றலுக்கும் பொருளின் ஆற்றலுக்கும் உள்ள விலகல் பூஜ்ஜியமானால் மேல் போலாரிட்டானும் கீழ் போலாரிட்டானும் சரிபாதி. குழியின் ஆற்றல் ராபி பிளவின் அளவுக்கு மேலே இருந்தால், மேல் போலாரிட்டானில் ஃபோட்டான் பங்கு 85 சதவீதம், கீழ் போலாரிட்டானில் 15 சதவீதம். இந்தப் பங்குகளுக்கு ஹாப்ஃபீல்டு குணகங்கள் என்று பெயர். ஜான் ஹாப்ஃபீல்டு 1958-இல் படிகங்களுக்கு எழுதிய கோட்பாட்டிலிருந்து வந்தவை.

ஃபோட்டான் பங்கினால் போலாரிட்டானின் நிறை எலக்ட்ரான் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோ இறங்குகிறது. பொருள் பங்கினால் ஒன்றோடொன்று மோதவும் முடிகிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் 2006-இல் காட்மியம் டெல்லுரைடு நுண்குழியில், 19 கெல்வினில் இருந்த போலாரிட்டான் வாயு போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கமாக (துகள்கள் பெருமளவில் ஒரே குவாண்டம் நிலையில் சேர்வது) மாறியது. குளிர்ந்த ரூபிடியம் அணுக்களுக்கு இதே ஒடுக்கம் வர வெப்பநிலை மைக்ரோகெல்வினுக்கும் கீழே போகவேண்டும்.

மூலக்கூறு எண்ணிக்கை கூடினா பிளவு ஏன் வர்க்கமூலமா கூடுது?

ஒரே மோடுடன் பல மூலக்கூறுகள் ஒரே கட்டத்தில் பிணையும்போது, ஒற்றை ஃபோட்டான் அவை அனைத்திலும் பரவிய ஒரே ஒரு கூட்டுக் கிளர்வுக்குத்தான் மாறுகிறது. அந்தக் கூட்டு நிலையின் திருப்புத்திறன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருகுகிறது. மைக்கேல் டேவிஸும் ஃப்ரெட் கம்மிங்ஸும் 1968-இல் தீர்த்த மாதிரி இதுதான்.

மேலே கணக்கிட்ட 0.06-ஐ 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆக்க, கன மைக்ரோமீட்டருக்கு சுமார் 26 லட்சம் மூலக்கூறுகள் வேண்டும். அவை தாறுமாறான திசைகளில் கிடப்பதையும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்தால் இது 2 கோடியைத் தாண்டும். செறிவாகச் சொன்னால் தோராயமாக 40 மில்லிமோலார், பாலிமர் படலத்தில் எளிதில் கிடைக்கும் அளவு. 1998-இல் டேவிட் லிட்ஸி குழு கரிமப் படலத்தில் 160 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவு கண்டது இந்த வழியில்தான்.

எதிர்முனையில், கனஅளவையே சுருக்கி ஒற்றை மூலக்கூறுக்கும் போகலாம். 2016-இல் தங்கத் துகளுக்கும் தங்கப் பரப்புக்கும் நடுவே 0.9 நானோமீட்டர் இடுக்கில், 40 கன நானோமீட்டருக்கும் குறைவான கனஅளவில், மெத்திலீன் நீல மூலக்கூறு ஒன்று அறை வெப்பநிலையிலேயே 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட் தந்தது. பத்து மூலக்கூறுகளுக்கு 300. பத்தின் வர்க்கமூலம் 3.16 என்பதை நினைவில் வைத்து இரண்டு எண்களையும் பாருங்கள்.

அப்போ குழிய இன்னும் சின்னதா பண்ணினா பிளவு கூடுமா?

குழி முழுவதையும் பொருளால் நிரப்பியிருந்தால் கூடாது. கனஅளவு பாதியானால் வெற்றிடப் புலத்தின் வர்க்கம் இரட்டிக்கும், மூலக்கூறு எண்ணிக்கை பாதியாகும், இரண்டும் ஈடாகிவிடும். கூட்டுப் பிளவு செறிவை மட்டுமே சார்ந்தது. செறிவு நான்கில் ஒன்றானால் பிளவு பாதியாகும். மூலக்கூறு எண்ணிக்கை மாறாமல் இடம் மட்டும் சுருங்கும்போதுதான் குழியின் அளவு பிளவை மாற்றும்.

கார்பனைல் அதிர்வுக்கு ஒரு குழி வடிவமைக்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதலில் குழிக்கு வெளியே வெறும் படலத்தின் அகச்சிவப்பு நிறமாலையை எடுங்கள். பாலிவினைல் அசிடேட் போன்றவற்றில் கார்பனைல் நீட்சி 1740 செ.மீ⁻¹ அருகே இருக்கும், அலைநீளம் 5.75 மைக்ரோமீட்டர். ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்தால் முதல் மோடுக்கு இடைவெளி 1.92 மைக்ரோமீட்டர். கண்ணாடியின் எதிரொளிப்பு 90 சதவீதம் என்றால் ஃபினெஸ் (மோடுகளின் இடைவெளி கோட்டகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) சுமார் 30, குழியின் கோட்டகலம் 1740-ஐ 30-ஆல் வகுத்து 58 செ.மீ⁻¹. அதிர்வின் அகலம் 25, எதிர்பார்க்கும் பிளவு 100 என்றால் சராசரி அகலம் 42, நிபந்தனை தேறுகிறது.

அதே கண்ணாடிகளோடு மூன்றாம் மோடைப் பயன்படுத்தினால் இடைவெளி 5.75 மைக்ரோமீட்டர் ஆகும், கோட்டகலம் 19-க்கு இறங்கும், பிளவு முந்தைய பதிலில் சொன்னபடி மாறாது. திரவ மாதிரிகளுக்குப் பெரும்பாலும் இந்த வழியே வசதி. ஆனால் அடுத்தடுத்த மோடுகள் 580 செ.மீ⁻¹ இடைவெளியில் வந்துவிடும், அவற்றில் ஒன்று வேறொரு அதிர்வின் மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடுமாற வைப்பது தடிமன். முதல் மோடு குழியில் 10 நானோமீட்டர் பிசகினால் ஒத்ததிர்வு 9 செ.மீ⁻¹ நகரும். கண்ணாடிகள் இணையாக இல்லாவிட்டால் கற்றை விழும் பரப்புக்குள்ளேயே தடிமன் மாறி, கோட்டகலம் கணக்கைவிட அதிகமாகத் தெரியும். அப்போது கண்ணாடியின் தரத்தைக் குறை சொல்லாமல், சிறிய துளைத் தடுப்பு வைத்துக் கற்றையைக் குறுக்கிப் பாருங்கள். அகலம் சுருங்கினால் இணைத்தன்மைதான் பிரச்சினை. அகச்சிவப்பு நுண்ணோக்கியில் இன்னொரு சிக்கல்: அதன் ஒளிக்கூம்பு பல கோணங்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒளிவிலகல் எண் 1.5-இல் 15 டிகிரிக் கோணம் குழியின் ஒத்ததிர்வை 26 செ.மீ⁻¹ உயர்த்தும், 30 டிகிரி 105 செ.மீ⁻¹ உயர்த்தும். கூம்புக்குள் இவை எல்லாம் கலந்தால் முகடுகள் அகன்று ஒருபக்கம் சாயும்.

நிறமாலைல ரெண்டு முகடு வந்துடுச்சு. வலுப்பிணைப்புன்னு எழுதிடலாமா?

எழுத வேண்டாம். பொருளுக்கே அருகருகே இரண்டு அதிர்வுகள் இருக்கலாம், இரண்டு மோடுகள் தெரியலாம், அல்லது குழி முகட்டின் நடுவே பொருள் உட்கவர்ந்து ஒரு பள்ளம் மட்டும் தோண்டியிருக்கலாம். கோணத்தையோ தடிமனையோ படிப்படியாக மாற்றி, இரண்டு கிளைகளும் நெருங்கி வந்து வெட்டிக்கொள்ளாமல் விலகுவதைக் காட்ட வேண்டும். இரு கிளைகளும் மிக நெருங்கும் இடத்தில் உள்ள இடைவெளியே ராபி பிளவு. விருப்பப்பட்ட ஒரு கோணத்தில் அளந்த இடைவெளி அல்ல.

பொருத்தும்போது பொருளின் ஆற்றலை வெளியே அளந்த படலத்திலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள். அதையும் தளர்த்திவிட்டால் எந்தத் தரவுக்கும் அழகான வளைவு கிடைத்துவிடும். பிறகு செறிவை மாற்றி, பிளவு செறிவின் வர்க்கமூலத்தோடு நேர்கோடாக ஏறுகிறதா பாருங்கள். எதிரொளிப்பு, கடத்தல், உட்கவர்தல் மூன்றிலும் முகடுகளின் இடைவெளி சற்று வேறுபடும் என்பதால், எதில் அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணுக்குப் பயன் குறைவு.

பிளவு தெரிஞ்சா அது குவாண்டம் விளைவுதானே?

கூட்டுப் பிளவு குவாண்டத்துக்கு ஆதாரம் ஆகாது. பொருளை ஒரு லாரென்ஸ் அலையியற்றியாக எழுதி, பரிமாற்ற அணி முறையில் கண்ணாடி, படலம், கண்ணாடி என்று அடுக்கிக் கணக்கிட்டால் அதே இரு முகடுகளும் அதே கோண மாற்றமும் வரும். மேக்ஸ்வெல் சமன்பாடுகளே போதும். இதனால் பிளவின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பரிசோதனைக்கு முன்னால் குழியை வடிவமைக்க இந்தச் செவ்வியல் கணக்கே மிகச் சிறந்த கருவி, அதைத் தவறாமல் செய்யுங்கள்.

குவாண்டம் தன்மை தெரிவது ஆற்றல் நிலைகளாலான ஏணியின் இரண்டாம் படியில், அதாவது அமைப்பில் இரண்டு ஃபோட்டான் அளவு ஆற்றல் இருக்கும்போது. எட்வின் ஜேன்ஸும் கம்மிங்ஸும் 1963-இல் எழுதிய மாதிரியில் ஒரு ஃபோட்டானுக்குரிய பிளவோடு ஒப்பிட்டால் இரண்டாம் படியின் பிளவு √2 மடங்கு, மூன்றாம் படியில் √3 மடங்கு. சீரில்லாத இந்த ஏணியால், முதல் படிக்கு இசைந்த ஒளி இரண்டாம் படிக்கு இசையாது, ஆகவே ஒரு ஃபோட்டான் உள்ளே இருக்கும்போது அடுத்தது நுழைய முடியாது. 2005-இல் ஜெஃப் கிம்பிள் குழு ஒற்றை சீசியம் அணுவைக் கொண்டு இந்த ஃபோட்டான் தடையைக் காட்டியது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் உள்ள படலத்தில் படிகள் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதால் இந்த விளைவு மறைந்துவிடும்.

என் மாதிரிகள்ல கோட்டகலம் ரொம்பப் பெரிசு. ஒழுங்கின்மை போலாரிட்டானைக் கெடுத்துடாதா?

அகலம் எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறும் சற்று வேறு ஆற்றலில் இருப்பதால் காஸ் வடிவில் பரவிய அகலம் என்றால், பிளவு அதைவிடத் தெளிவாகப் பெரிதானபோது போலாரிட்டானின் கோட்டில் அது பெரும்பாலும் இறங்காது. போலாரிட்டானின் ஆற்றல் அந்தப் பரவலின் வாலைத் தாண்டிப் போய்விடுவதே காரணம். ஒவ்வொரு மூலக்கூறும் கட்டம் இழப்பதால் வந்த லாரென்ஸ் வடிவ அகலம் என்றால் அதில் பாதி அப்படியே போலாரிட்டானுக்கு வரும்.

எத்தனையோ ஹாமில்டோனியன் இருக்கு. நான் எதை எடுக்கணும்?

ஹாமில்டோனியன் என்பது அமைப்பின் மொத்த ஆற்றலை எழுதும் கோவை. ஒற்றை அணு அல்லது ஒற்றை மீக்கடத்துக் குபிட் (இரு நிலைகள் கொண்ட செயற்கை அணு போன்ற சுற்று) என்றால் ஜேன்ஸ்-கம்மிங்ஸ். ஒரே மோடில் பல மூலக்கூறுகள், பிணைப்பு அதிர்வெண்ணில் சில சதவீதத்துக்குள் என்றால் டேவிஸ்-கம்மிங்ஸ். பிணைப்பு வலிமை அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் சுழலும் அலைத் தோராயத்தை (ஃபோட்டானும் கிளர்வும் ஜோடியாகத் தோன்றும் உறுப்பைத் தூக்கிப்போடுவது) விட்டுவிட்டு ஹாப்ஃபீல்டு மாதிரிக்குப் போகவேண்டும். மூலக்கூறின் எலக்ட்ரான் அமைப்பே மாறுகிறதா என்று கேட்பவர்களுக்குப் பாலி-ஃபியர்ஸ் ஹாமில்டோனியன். அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டை ஃபோட்டான்களுக்கும் நீட்டித்த முறைகள் அதன்மேல் கட்டப்பட்டவை.

மேலே வடிவமைத்த கார்பனைல் குழியில் பிளவு 100, பிணைப்பு வலிமை 50, அதிர்வெண் 1740. விகிதம் 0.03. இங்கே டேவிஸ்-கம்மிங்ஸ் தாராளமாகப் போதும். பெரிய ஹாமில்டோனியனை எடுத்தால் கட்டுரைக்கு எடை கூடும் என்று நினைத்து எடுக்காதீர்கள், கூடுவது பிழைக்கான வாய்ப்புதான்.

'அதீத வலுப்பிணைப்பு'ல புதுசா என்ன நடக்குது?

பெயரில் 'அதீத' என்று இருந்தாலும் இது இழப்பைப் பற்றியதல்ல. வலுப்பிணைப்பு பிணைப்பை இழப்போடு ஒப்பிடுகிறது, அதீத வலுப்பிணைப்பு பிணைப்பை அதிர்வெண்ணோடு ஒப்பிடுகிறது. இழப்பு மிகுந்த ஒரு குழி இரண்டாவதில் தேறி முதலாவதில் தோற்கக்கூடும்.

விகிதம் 0.1 ஆனதும் இதுவரை தூக்கிப்போட்ட உறுப்புகள் கணக்கில் தெரிய ஆரம்பிக்கும். ஃபோட்டானும் கிளர்வும் ஜோடியாகத் தோன்றும் உறுப்பு ஒன்று. மின்காந்தத் திசையன் அழுத்தத்தின் வர்க்க உறுப்பு மற்றொன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒத்ததிர்வில் தீர்த்தால் போலாரிட்டான் அதிர்வெண்கள் பிணையாத அதிர்வெண்ணைப்போல் 1.105, 0.905 மடங்கு. இடைவெளி இன்னமும் பிணைப்பின் இரு மடங்குதான், ஆனால் நடுப்புள்ளி 0.5 சதவீதம் மேலே ஏறிவிட்டது. சமச்சீரான பிளவு என்ற பழைய படம் இங்கே உடைகிறது. 2010-இல் மீக்கடத்துச் சுற்றில் 0.12 விகிதம் எட்டப்பட்டது. 2017-இல் ஃப்ளக்ஸ் குபிட்டில் விகிதம் 1-ஐத் தாண்டி 1.34 வரை போனது.

அந்த வர்க்க உறுப்பை விட்டுட்டா என்ன ஆகும்? சின்ன எண்தானே?

சின்ன எண்ணாக இருக்கும்போது விட்டால் ஒன்றும் ஆகாது. பிணைப்பைக் கூட்டிக்கொண்டே போனால் விளைவு தலைகீழாகிவிடும். உறுப்பு இல்லாமல் எழுதினால் கீழ் போலாரிட்டானின் அதிர்வெண் வர்க்கம் 'அதிர்வெண்ணின் வர்க்கத்திலிருந்து பிணைப்பு × அதிர்வெண் × 2-ஐக் கழித்தது'. பிணைப்பு அதிர்வெண்ணில் பாதியானதும் அது பூஜ்ஜியம். அதற்குப் பிறகு அடிநிலையிலேயே ஃபோட்டான்கள் பெருமளவில் குவியும் என்று மாதிரி சொல்லும். இதுதான் 1973-இல் கிளாஸ் ஹெப்பும் எலியட் லீபும் கண்ட மீயொளிர்வு நிலைமாற்றம். உறுப்பைச் சேர்த்தால் கீழ் போலாரிட்டானின் அதிர்வெண் எவ்வளவு பிணைப்புக்கும் பூஜ்ஜியத்தைத் தொடாது. ரெசாஷெவ்ஸ்கியும் உடன் ஆய்ந்தோரும் 1975-இல் எழுப்பிய ஆட்சேபம் இது.

இருமுனை வடிவில், அதாவது மின்புலத்தோடு திருப்புத்திறனைப் பெருக்கும் வடிவில், எழுதுபவர்கள் இந்த உறுப்பு தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது இருமுனையின் தன்னாற்றலாக, திருப்புத்திறனின் வர்க்கமாக, வேறு உருவில் நிற்கிறது. அதை விட்டால் ஹாமில்டோனியனுக்குக் கீழ் எல்லையே இல்லாமல் போகும். அடித்தளக் கணத்தைப் பெரிதாக்க ஆக்க ஆற்றல் கீழே இறங்கிக்கொண்டே போவதைக் கண்டால் முதலில் இந்த உறுப்பைத் தேடுங்கள். பொருளை இரண்டே நிலைகளாகச் சுருக்கும்போதும் கவனம் வேண்டும்: சுருக்கிய பிறகு இரண்டு கேஜ்களும், அதாவது திசையன் அழுத்த வடிவும் இருமுனை வடிவும், வேறு விடைகள் தரும். பொதுவாக இருமுனை வடிவில் சுருக்குவதே பாதுகாப்பு.

அடிநிலையிலேயே ஃபோட்டான் இருக்குன்னா குழிக்கு வெளியே அது வரணுமே?

வராது. அவை அடிநிலையின் அங்கம். அடிநிலையை விடக் குறைந்த ஆற்றல் இல்லாததால் வெளியே அனுப்ப ஆற்றல் எங்கிருந்தும் கிடைக்காது. பிணைப்பைத் திடீரென்று அணைத்தால் மட்டுமே அவை உண்மையான ஃபோட்டான்களாக வெளிப்பட வழியுண்டு.

நிரலில் மட்டும் அவை வெளியே ஒழுகுவதைப் பார்க்கலாம், அது பிழை. வழக்கமான லிண்ட்பிளாட் சமன்பாடு இழப்பை வெறும் குழியின் அழிப்பு இயக்கி (ஒரு ஃபோட்டானை நீக்கும் இயக்கி) வழியாக எழுதுகிறது. அதீத வலுப்பிணைப்பில் அந்த இயக்கி அடிநிலையையே கிளறிவிடும், பூஜ்ஜிய வெப்பநிலையிலும் உமிழ்வு வருவதாகக் காட்டும். முழு ஹாமில்டோனியனை முதலில் மூலைவிட்டமாக்கி, அதன் ஐகன் நிலைகளுக்கு நடுவே இழப்பை எழுத வேண்டும்.

க்யூடிப்ல நிரல் எழுதறேன். எங்கெல்லாம் வழுக்கும்?

க்யூடிப் (QuTiP) என்பது குவாண்டம் அமைப்புகளைக் கணக்கிடும் பைத்தான் நிரலகம். அதில் ஃபோட்டான் நிலைகளை எத்தனையில் வெட்டுவது என்பது முதல் இடம். ஒற்றைக் கிளர்வுக்கு 3 போதும். விகிதம் 1-ஐத் தாண்டினால் 20 அல்லது 30 வேண்டும். எந்த எண்ணை எடுத்தாலும் அதை ஒன்றரை மடங்காக்கி விடை மாறவில்லை என்று பாருங்கள். அடுத்தது அலகு: அதிர்வெண்ணைக் கோண அதிர்வெண்ணாக மாற்ற 2π போட மறந்தால் எல்லா வேகங்களும் ஆறு மடங்கு பிசகும். 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிளவுக்கு ராபி காலம் 41 ஃபெம்டோ நொடி, 100 செ.மீ⁻¹ பிளவுக்கு 334 ஃபெம்டோ நொடி. இந்த இரண்டையும் உங்கள் நிரல் தருகிறதா என்று சோதித்துவிட்டு மேலே போங்கள்.

பல மூலக்கூறுகள் வந்ததும் நினைவகம் இரட்டித்து இரட்டித்து வெடிக்கும். ஒற்றைக் கிளர்வு வெளிக்குள் நின்றால் அணியின் அளவு மூலக்கூறு எண்ணிக்கையைவிட ஒன்றுதான் அதிகம், ஆயிரம் மூலக்கூறுகளை மடிக்கணினியே தாங்கும். சமச்சீர் நிலைகளை மட்டும் வைத்துச் சுருக்கும் குறுக்குவழி, தனித்தனி இழப்போ ஒழுங்கின்மையோ இருந்தால் செல்லாது. அது ஃபோட்டான் பங்கு இல்லாத இருள் நிலைகளை முழுதாக மறைத்துவிடும்.

குழிக்குள்ள வச்சா வேதிவினையோட வேகம் மாறும்னு படிச்சேன். நம்பலாமா?

பரிசோதனைகள் உண்டு. 2012-இல் தாமஸ் எப்ஸன் குழு ஸ்பைரோபைரான் மூலக்கூறு ஒளியால் மாற்றியமாவது குழிக்குள் மெதுவாவதைக் காட்டியது. 2016-இல் அதே குழுவிலிருந்து, வெளிச்சமே இல்லாத சாதாரண வினை ஒன்றில் சிலிக்கான்-கார்பன் அதிர்வைப் பிணைத்தபோது வேகம் 5.5 மடங்கு வரை குறைந்ததாக அறிக்கை வந்தது. மறுபக்கம், வேறு சில வினைகளில் சொல்லப்பட்ட வேக உயர்வை 2021-இல் இரண்டு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது வரவில்லை.

கோட்பாட்டின் சங்கடம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மோடும் பல மூலக்கூறுகளும் சேர்ந்தால் கிடைக்கும் நிலைகளில் இரண்டு மட்டுமே போலாரிட்டான்கள். மற்றவை அனைத்தும் ஃபோட்டான் பங்கு இல்லாத இருள் நிலைகள், மூலக்கூறு எண்ணிக்கையைவிட ஒன்றே குறைவு. வெப்பத்தால் வினைபுரியும் மூலக்கூறு ஏறக்குறைய எப்போதும் இருள் நிலைகளில்தான் இருக்கும், அவற்றின் ஆற்றலோ மாறவே இல்லை. ஒரு மூலக்கூறுக்குரிய பிணைப்பு மேலே பார்த்தபடி மிகமிகச் சிறியது. வினைவேகத்தைக் கணக்கிடும் வழக்கமான இடைநிலைக் கோட்பாட்டை நேரடியாகப் போட்டால் அளக்கக்கூடிய மாற்றம் வராது. செங்குத்துத் திசையில் ஒத்ததிர்வு அமைந்தால் மட்டும் விளைவு வருகிறது, சாய்ந்த கோணத்தில் அமைந்தால் வரவில்லை என்ற பரிசோதனைக் குறிப்புக்கும் அதில் விளக்கமில்லை. ஒளிவழி வினைகள் வேறு விஷயம். அங்கே போலாரிட்டானையே நேரடியாகக் கிளர்த்த முடிகிறது.

அப்படின்னா என் பரிசோதனையில வேகம் மாறினா எதையெல்லாம் சரிபார்க்கணும்?

குழியை ஒத்ததிர்விலிருந்து விலக்கிய கட்டுப்பாட்டு மாதிரி முதலில். அதே கண்ணாடிகள், அதே உலோகப் பரப்பு, தடிமன் மட்டும் சில சதவீதம் வேறு. குழி இல்லாத கண்ணாடித் தட்டோடு ஒப்பிடுவது போதாது, ஏனென்றால் தங்கமும் வெள்ளியும் பல வினைகளுக்குத் தாமே வினையூக்கிகள். உலோகத்தின் மேல் மெல்லிய மின்காப்பு அடுக்கு பூசிய மாதிரியையும் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு அளவிடும் முறை. வினை நடக்க நடக்க ஒளிவிலகல் எண் மாறும், குழியின் மோடுகள் நகரும். அந்த நகர்வையே வேகமாகக் கொண்டால் மாதிரியின் வெப்பமும் இடைவெளித் தகட்டின் வீக்கமும் வினைவேகமாக வேடம் போடும். ஒளிவழி வினை என்றால், குழி எந்த அலைநீளத்தை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதை பரிமாற்ற அணியில் கணக்கிட்டு, மூலக்கூறு உண்மையில் உட்கவர்ந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கையால் வேகத்தை வகுத்துக்கொள்ளுங்கள். வகுத்த பிறகு வித்தியாசம் மறைந்தால் குழி ஒரு வடிகட்டியாக மட்டுமே வேலை செய்திருக்கிறது. மறையாமல், விலகலை மாற்றும்போது வளைவின் உச்சி ஒத்ததிர்வில் நின்று, செறிவோடும் ஒழுங்காக மாறினால், அந்தத் தரவை மூல நிறமாலைகளோடு சேர்த்து வெளியிடுங்கள். இன்று கோட்பாட்டாளர்கள் காத்திருப்பது அப்படிப்பட்ட தரவுக்குத்தான்.